வில்லும் அரசர் சொல்படி!

பதினான்காம் லூயி காலத்துப் பிரெஞ்சு இசையைக் கேட்டால், யாரோ பெரிய மனிதர் ஊர்வலம் வருவதுபோலவே இருக்கிறதே, ஏன்?

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. வருகிறவர் மன்னரேதான்! லூயி வெறும் ரசிகர் அல்ல, நல்ல ஆட்டக்காரர். 1653-இல், 14 வயதில், ஒரு பாலேயில் உதயசூரியனாக வேடம் கட்டி ஆடினார். அதே பாலேயில் ஆடிய இத்தாலிக்காரர் லுல்லி, சில வாரங்களிலேயே அரசவை இசையமைப்பாளர் ஆனார். 1672-இல் ஓபரா நடத்தும் ஏகபோக உரிமையும் அவர் கைக்கு வந்தது.

நீங்கள் கேட்ட ஊர்வல மிடுக்கு, லுல்லியின் ஓபராக்களுடைய தொடக்க இசையில் இருக்கிறது. முதலில் நெடிலும் குறிலுமாகத் தத்தித் தத்தி நிமிர்ந்து வரும் நடை. பிறகு திடீர் வேகம். அடுத்து ஒரு முன்னுரைக் காட்சி. தேவதைகள் மன்னரைப் புகழ்ந்து முடித்த பிறகுதான் கதையே தொடங்கும். (கதாநாயகன் காத்திருக்க வேண்டியதுதான்!) வயலின்காரர்கள் எல்லோருடைய வில்லும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் இறங்க வேண்டும் என்பதில் லுல்லி கறார். ராணுவ அணிவகுப்புக்கு உள்ள கட்டுப்பாடு அது. காதுக்கு மட்டுமல்ல, பார்ப்பவர் கண்ணுக்கும் அதுதான் பகட்டு.

லுல்லியின் ‘ஆர்மீட்’ ஓபராவின் தொடக்க இசையைக் கேளுங்கள். முதல் சில நொடிகளிலேயே முதுகு தானாக நிமிரும்.