உலோகச் சோர்வு

கம்பியொன்றை ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால், பெருவலிமை எதுவும் வேண்டாமலே இற்று விழும். ஒரு சுமையை ஒருமுறை எளிதில் தாங்கும் உலோகம், அதனினும் குறைந்த சுமை பல்லாயிரம் முறை வந்து வந்து நீங்குமாயின் முறிந்து போதல் உண்டு. இதனை அறிவியலார் உலோகச் சோர்வு என்பர். உயிரற்ற பொருளுக்கும் சோர்வு உண்டோ எனின், அஃது உறங்கி எழுந்தால் நீங்கும் நம் சோர்வு போன்றதன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வெடிப்பாகத் தோன்றிச் சிறிது சிறிதாக வளர்வது. ஓய்வு கொடுத்தாலும் ஆறாதது.

செருமானியப் பொறியியலார் ஆகஸ்ட் வோலர் 19ஆம் நூற்றாண்டிலேயே புகைவண்டி அச்சுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். எனினும், மெல்லிய தகட்டில் இச்சோர்வு விளைக்கும் கேட்டினை உலகம் நன்குணர்ந்தது 1954ஆம் ஆண்டிலேயாம்.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமாகிய காமெட், 1952 மே 2ஆம் நாள் இலண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் நகருக்குப் புறப்பட்டது. ஆறேழு மைல் உயரத்தில் காற்று மிக அருகியிருக்கும். ஆதலின், பயணிகள் மூச்சுவிடுதற்பொருட்டு விமானத்தினுள் காற்றை அழுத்தி நிரப்புவர். மேலே செல்லுந்தோறும் விமானத்தின் உடல் சற்றே உப்பும், இறங்குந்தோறும் சுருங்கும். அவ்வுடலைப் போர்த்திருந்த தகட்டின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரையும் எட்டாது!

1954 ஜனவரி 10ஆம் நாள் ஒரு காமெட், எல்பாத் தீவினருகே வானிலேயே சிதறிக் கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். ஏப்ரல் 8ஆம் நாள் மற்றொன்று நேப்பிள்ஸ் நகருக்கருகே வீழ, 21 பேர் மாண்டனர். முன்னது 1,290 முறையும் பின்னது ஏறத்தாழ 900 முறையுமே பறந்திருந்தன.

இங்கிலாந்தில் பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தார், சர் ஆர்னால்டு ஹால் தலைமையில், ஒரு முழு விமானத்தின் உடலையே பெருந்தொட்டியில் இட்டு, உள்ளும் புறமும் நீரை நிரப்பினர். உள்ளே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பறத்தலை ஒத்த நிலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கினர். காற்றை விடுத்து நீரைக் கொண்டது ஏன்? அழுத்திய காற்று, தகடு கிழிந்தவுடன் வெடிகுண்டெனச் சிதறி, கிழிந்த இடத்தையே அழித்துவிடும். நீர் அவ்வாறு செய்யாது. உண்மையில் பறந்தவற்றையும் தொட்டியில் பறந்தவற்றையும் கூட்ட ஏறத்தாழ 3,000 முறையாயிற்று. அப்பொழுது, உடலில் வெட்டியிருந்த திறப்பொன்றின் மூலையில் தகடு கிழிந்தது. எல்பாக் கடலடியிலிருந்து எடுத்த கூரைத் துண்டிலும், திறப்பின் ஓரத்திலேயே சோர்வின் சுவடு காணப்பட்டது.

விமானம் கட்டியோர் முன்னரே சோதித்திலரோ? சோதித்தனர், பதினாயிரத்துக்கும் மிகுதியான முறை சோதித்தனர். ஆயின், வலிமையை அறியப் பேரழுத்தம் தந்த அதே பகுதியையே சோர்வுச் சோதனைக்கும் கொண்டனர். அப்பேரழுத்தத்தால் திறப்புகளின் மூலைகளில் உலோகம் சற்றே நீண்டு இறுகி, சோர்வைத் தாங்கும் ஆற்றலை மிகுதியாகப் பெற்றுவிட்டது. பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கோ அவ்வாற்றல் இல்லை. சோதனை பொய்த்ததன்று, சோதித்த பொருள் வேறாகிவிட்டது.

தடித்த தகடுகளுடன் திருத்தியமைத்த காமெட் 4, 1958 அக்டோபரில் அட்லாண்டிக் கடலைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. இன்று புதுவகைப் பெருவிமானம் படைப்போர், வலிமைச் சோதனைக்கு ஓர் உடலையும் சோர்வுச் சோதனைக்கு வேறோர் உடலையும் ஒதுக்குகின்றனர்.