மறுப்பின் கணக்கும் மறைக்கத்தக்க பெயரும்

தாமிரபரணியின் நீரை அளப்போர்க்கு ஆற்றின் நிலை புலனாகும். பாளையங்காலின் கடைமடையில் ஒரு வயல் நனைந்ததோ காய்ந்ததோ அவ்வளவையால் விளங்காது. விசா மறுப்பு வீதமும் அத்தகையதே.

ஐக்கிய அமெரிக்க வெளியுறவுத்துறை சுற்றுலா, வணிக விசாக்களின் மறுப்பு வீதத்தை நாடுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டு வந்துள்ளது. அதில் எண்ணப்படுவன மனுக்கள் அல்ல, மனுதாரரே எண்ணப்படுவர். நூறு பேருள் 40 பேர் மறுக்கப்பட்டனர் எனக் கொள்வோம். அவருள் 10 பேர் அந்நிதியாண்டிற்குள்ளேயே விசா பெறுவாராயின், வீதம் 40 அன்று, 30 ஆம். மேலும், இது மாணவர் விசாவைக் குறித்த கணக்கன்று. ஆதலின், மேற்படிப்பை நாடும் நாம் இதைக் கண்டு அஞ்சுதலும் களித்தலும் பிழையாம்.

மறுப்புக்குப் பெரிதும் காரணமாவது அந்நாட்டின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு. தாயகம் திரும்புவோம் என்பதை மனுதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. எனவே மறுப்பு என்பது ஒழுக்கக்கேட்டிற்குச் சான்றன்று.

அச்சட்டத்தின் 222(எஃப்) பிரிவு, விசா அளித்தல், மறுத்தல் பற்றிய ஆவணங்களை மறைவாகக் காக்கப் பணிக்கின்றது. பேரெண்ணில் தனிமனிதர் மறைந்து நிற்பர், சிற்றெண்ணிலோ வெளிப்படுவர். நம் வகுப்பினின்று மூவர் சென்னைத் துணைத் தூதரகத்திற்குச் செல்ல, "ஒருவர் மறுக்கப்பட்டார்" என்று நாம் உரைப்பின், பெயர் கூறாமலே பெயரைக் கூறியவராவோம். திரும்பி வந்த தோழரை விடுதியில் அன்புடன் வரவேற்போம். அவர் தாமே கூறுங்காறும் வினவாதிருப்போம். எண்ணை ஆராய்தல் கல்வி; பெயரைக் காத்தல் பண்பு.