வரைபடத்தில் தெரியாத சத்தம்

அன்புள்ள இளமதி,

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பள்ளி என்று நீ அனுப்பிய பிளானைப் பார்த்தேன். சாய்தளம், கைப்பிடி, அகலக் கதவு எல்லாம் ஒழுங்கு. நடுவே கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம், அதைச் சுற்றி வகுப்புகள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கூடத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா?

கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை சொல்லித்தரும் மக்டா முஸ்தஃபா இதை ஆராய்ந்திருக்கிறார். எந்த அம்சம் இந்தக் குழந்தைகளை அதிகம் பாதிக்கிறது என்று ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டபோது, ஒலிக்கே முதலிடம் கிடைத்தது. பிறகு ஒரு பேச்சுப் பயிற்சி அறையில் ஒலித்தடுப்பு செய்து கவனித்தார். குழந்தைகளின் கவனம் கூடுதல் நேரம் நின்றது. கேட்டதற்குப் பதில் சீக்கிரம் வந்தது. 2008இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

நம் மூளை வேண்டாத சத்தத்தை ஓரமாகத் தள்ளிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படித் தள்ள முடிவதில்லை. டீச்சரின் குரல், ஃபேனின் கடகடப்பு, பக்கத்து வகுப்பில் நாற்காலி இழுபடும் ஓசை எல்லாம் ஒரே பலத்தோடு வந்து மோதும். ஒளியும் அப்படியே. பழைய சோக் போட்ட ட்யூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்கும்; நமக்குத் தெரியாத அந்த மினுக்கல் சிலரை வதைக்கும்.

உடனே எல்லா அறையையும் பஞ்சு வைத்து அடைத்துவிடாதே. வெளி உலகம் இரைச்சலானது, அதற்குப் பழக்கத்தான் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. பசுமைக்குடிலில் வளர்ந்த செடி வெயிலில் வாடுவது போல ஆகக்கூடாது என்று முஸ்தஃபாவும் எச்சரிக்கிறார். அவர் சொல்லும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது: அறைக்கு அறை ஒலித்தடுப்பின் அளவை மாற்று, குழந்தை மிக அமைதியான அறையில் தொடங்கி, படிப்படியாகச் சாதாரண வகுப்புக்குப் போகட்டும்.

உன் பிளானில் இசை அறையும் பேச்சுப் பயிற்சி அறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. என்ன பாடம் என்று பாராமல் எவ்வளவு இரைச்சல் என்று பார்த்து அறைகளைப் பிரி. இசை, ஓவியம், விளையாட்டு ஒரு பக்கம், தனிப்பயிற்சி மறுபக்கம், நடுவே ஒரு தோட்டமோ தாழ்வாரமோ இருந்தால் கடந்து போகிற நேரத்தில் பிள்ளை சுதாரித்துக்கொள்ளும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மூலையை ஒதுக்கு. ஒரு பிள்ளை புகுந்து உட்காரும் அளவு போதும், மங்கிய வெளிச்சம், வெற்றுச் சுவர். தண்டனை மூலையாக அது மாறிவிடக்கூடாது; அதனால் கதவும் தாழ்ப்பாளும் வேண்டாம்.

சத்தத்தையும் சுழற்சியையும் தேடி ஓடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஊஞ்சல் வை.

பிரிட்டன் 2022இல் இப்படிப்பட்ட கட்டட வடிவமைப்புக்காக பிஏஎஸ் 6463 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. படித்துப் பார்.

கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின் காட்டியிருக்கிறாய். அதை எடுத்துவிட்டுத் துண்டு மாட்ட ஆணி அடி.

அன்புடன்,
மாமா