ஈற்றுச்சீரைப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் படிக்க ஓர் அந்தாதியைப் 'பினிஷ் பண்ணிட்டேன்' என்று எழுதியிருந்தாய். படித்தேன். எங்கும் தளை தட்டவில்லை. ஆனால் நீ சொன்ன அந்த வினைச்சொல்லே உன்னைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது.

ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சு வழியாக வந்தது. 1954 வரை நம் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் மொழியில் 'ஃபினிர்' என்றால் முடித்தல். அதற்கும் மூலமான லத்தீன் 'ஃபினிஸ்' எல்லையைக் குறித்தது. இதற்கப்பால் ஒன்றுமில்லை என்று கோடு போடும் சொல். (தரங்கம்பாடிக்குப் போனாலும் நாகூருக்குப் போனாலும் எல்லைப் பலகையைத் தாண்டும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.) தச்சுப் பட்டறையில் சொல்லும் 'பினிஷிங்', அதாவது மெருகு, பின்னால் வந்து சேர்ந்த பொருள்.

தமிழில் 'முடி' என்ற சொல்லோ வேறு வழியில் போகிறது. கூந்தலை முடிகிறோம். காசை முந்தானையில் முடிந்து வைக்கிறோம். அவிழாமல் கட்டுகிற வேலை அது. உன் வெண்பாக்களில் மெருகு இருக்கிறது, முடிச்சு இல்லை. 'கடல்' என்று நிறுத்தி, அடுத்ததைக் 'கடல்' என்று தொடங்குகிறாய். இரண்டும் அதே கடல்தான்.

காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியை எடு. 101 வெண்பா. முதற்சொல் 'பிறந்து', கடைசிச் சொல்லும் 'பிறந்து'. இப்படி முடிவு தொடக்கத்தோடு சேர்வதை மண்டலித்தல் என்பார்கள். தொடக்கத்தில் பிறப்பது மொழி பயிலப்போகும் ஓர் உயிர். முடிவில் பிறப்பதோ பாடுகிறவர் நெஞ்சில் காதல். இடையில் அத்தனை பாட்டு நடந்திருப்பதால்தான் அதே சொல் அங்கே புதிதாக நிற்கிறது. இன்னொரு வேடிக்கை: வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு இலக்கணம் தரும் வாய்பாடுகள் நாள், மலர், காசு, பிறப்பு. அலகிட்டுப் பார், 'பிறந்து' பிறப்பு வாய்பாடேதான்! தற்செயலாக இருக்கலாம். எனக்கு நம்ப மனமில்லை.

ஈற்றடியில் மூன்றே சீர். அங்கே போய்ச் சொல் தேடினால் அசைச்சொல்தான் அகப்படும். அடுத்த வெண்பா எதைப் பேசப்போகிறது என்று முதலில் தீர்மானி. அங்கே வேறு பொருள் கொள்ளக்கூடிய சொல்லாகப் பிடித்து, அதை நோக்கி இந்த வெண்பாவை எழுது.

அடுத்த மடலில் பாட்டு முழுவதும் வேண்டாம். ஒவ்வொரு வெண்பாவின் ஈற்றுச்சீரையும், அடுத்ததில் அது கொள்ளும் பொருளையும் மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்