ஒளியும் ஒலியும் மூளையும்

தீபாராதனை வேளையில் மணியோசையும் மேளமும் ஒருங்கே எழும்போது மனம் ஒருமைப்படுவதை அடியார்கள் அனைவரும் அனுபவத்தில் அறிவர். ஒளியும் ஒலியும் மூளையில் என்ன செய்கின்றன என்பது பற்றி விஞ்ஞானம் கூறுவதைச் சுருக்கமாக நோக்குவோம்.

ஜேர்மனிய வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் 1924ஆம் ஆண்டு மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது செக்கனுக்கு 8 முதல் 13 வரையான அல்பா அலைகள் தோன்றுகின்றன. சீராக மின்னும் ஒளியைப் பார்ப்பவரின் மூளையலைகள் அவ்வொளியின் வேகத்தையே பின்பற்றும் என்பதை 1934இல் பிரித்தானியாவில் ஏட்றியன், மத்தியூஸ் ஆகியோர் காட்டினர். தவில் தாளத்திற்கு எமது கை தானாகவே தாளம் போடுவது போன்றது இது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் செக்கனுக்கு 40 தடவை மின்னும் ஒளியை எலிகளுக்குக் காட்டியபோது, மறதி நோயுடன் தொடர்புடைய புரதப் படிவு குறைந்ததாக 2016இல் அறிவிக்கப்பட்டது. 2019இல் ஒலியையும் சேர்த்துச் சோதித்தனர். ஆயினும் 2023இல் வேறோர் ஆய்வுக்குழு அப்பலனைக் காணவில்லை. ஆகவே, கோயில் மணியோசை மூளை நோயைத் தீர்க்கும் என்று நாம் எழுதுவதும் பேசுவதும் தகாது. வழிபாட்டிற்கு அத்தகைய சான்று தேவையுமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1997 டிசம்பர் 16ஆம் திகதி யப்பானில் தொலைக்காட்சிச் சித்திரப்படமொன்றில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னியதால் 600இற்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

சில வருடங்களுக்கு முன் எமது சப்பறத் திருவிழாவில், வேகமாக மின்னும் விளக்கின் முன் நின்ற சிறுமியொருத்தி உடல் வெட்டி விழுந்தாள். உரு வந்துவிட்டதென்று சனம் கைகூப்பி நின்றது. அடியேனும் திருநீறு பூசிவிட்டு நின்றேன். தாயார் ஓடிவந்து, "பிள்ளைக்கு வலிப்பு, லைற்றை நிப்பாட்டுங்கோ" என்று கதறிய பின்னரே விளங்கியது. பிள்ளை தெய்வாதீனமாகத் தேறினாள்.

எனவே, சோடனை விளக்குகள் நிலையாகவோ மெதுவாக மாறுவனவாகவோ இருக்கட்டும். மின்னொளி தாக்குவதாக உணர்பவர் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி, அப்பால் திரும்ப வேண்டும். வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதாற் பயனில்லை. ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிடின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடியார்களின் பாதுகாப்பும் ஆலயத் தொண்டே. எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் யாவருக்கும் நல்லருள் பாலிப்பாராக.