பிடிலின் நான்கு தந்திகள்

நரம்புக் கருவிகளுள் பிடில் உலகெங்கும் பரவிய பெருமை உடையது. 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இன்றைய வடிவம் பெற்ற இக்கருவி, அரண்மனை அரங்குகளிலும் ஒலித்தது. மலைவாழ் உழவரின் முற்றங்களிலும் ஒலித்தது. இதற்குத் தந்திகள் நான்கே. அவை எப்பொருளால் ஆனவை, எச்சுருதியில் நிற்பவை என்னும் இரண்டையும் பொறுத்தே பிடிலின் குரல் அமைகின்றது.

பண்டைக்காலத்தில் ஆட்டின் குடலை முறுக்கித் தந்தி செய்தனர். அதன் நாதம் இனியது. ஆயினும் காற்றின் ஈரத்தால் சுருதி பிறழும். தாழ்ந்த ஒலி தரும் தந்தி தடித்திருத்தல் வேண்டும். தடித்த குடல்நரம்போ வில்லுக்கு எளிதில் இசையாது. ஆகவே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடல்நரம்பின்மேல் உலோகக் கம்பியைச் சுற்றும் முறை தோன்றியது. மிக மெல்லிய ஈ தந்தி அடிக்கடி அறுந்தமையால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு எஃகுக் கம்பி வழங்கலாயிற்று. 1970இல் வியன்னா நகரிலிருந்து செயற்கை இழையை உள்ளீடாகக் கொண்ட தந்தி வந்தது. எஃகின் ஒலி தெளிவும் கூர்மையும் உடையது. குடல்நரம்பின் ஒலி கனிவுடையது. செயற்கை இழையின் ஒலி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

தந்தியின் இயல்பைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரே நீளமும் எடையும் உடைய தந்தியின் அதிர்வு இருமடங்காக வேண்டுமாயின், அதன் இழுவிசை நான்கு மடங்காதல் வேண்டும். தந்தியை ஒரு முழுச்சுரம் உயர்த்தினாலே இழுவிசை ஏறத்தாழக் கால் பங்கு மிகும். அச்சுமை குதிரையின் வழியே மெல்லிய மேற்பலகையின்மேல் இறங்கும். ஆதலின் சுருதியை மாற்றுவோர் தந்தியையும் ஆராய்ந்து தேர்தல் இன்றியமையாததாகும்.

மேலைநாட்டு வழக்கில் ஜி, டி, ஏ, ஈ என்னும் சுரங்களில் தந்திகளைக் கூட்டுவர். ஆனால், அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டுப் பிடில் கலைஞர்கள் சில பாட்டுகளுக்குக் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒவ்வொரு முழுச்சுரம் உயர்த்தி, ஏ, ஈ, ஏ, ஈ என அமைப்பர். இதனால் விளையும் பயன் யாது? ஒரு தந்தி இசைக்கும்போது அதற்கு இணையான தந்தி தொடாமலே அதிரும். அருகிலுள்ள தந்தியையும் வில் உடன் தொட்டால் ஆதார ஒலி இடையறாது நிற்கும். பக்கவாத்தியம் இல்லாத ஒற்றைப் பிடிலே ஆடுவோர் அனைவருக்கும் போதியதாகும். அத்தகைய பாட்டை வழக்கமான சுருதியில் வாசித்தால் மெட்டு மாறாது, நிறைவுதான் குன்றும்.

இம்முறை நாட்டுப்புறத்தார்க்கு மட்டும் உரியதன்று. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பீபர் என்னும் இசையறிஞர், செபமாலை மறைபொருள்களைப் பற்றி இயற்றிய பதினாறு உருப்படிகளுள் முதலும் இறுதியும் மட்டுமே வழக்கமான சுருதியில் அமைந்தவை.

தமிழகத்திற்கு வந்த பிடிலும் சுருதி மாறியது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) இக்கருவியைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய முன்னோருள் ஒருவர். நம் இசையில் தந்திகள் ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம் என நிற்கும். இதனையும் ஏ, ஈ, ஏ, ஈ என்னும் அமைப்பையும் ஒப்பிட்டால் சுர இடைவெளிகள் ஒன்றாகவே இருத்தல் விளங்கும். கடல் கடந்த இரு நாடுகளில், ஆதார ஒலியை விரும்பிய இருவேறு மக்களின் பிடில்கள் ஒரே அமைப்பைப் பெற்றன.

எனினும் தந்தித் தேர்வில் இரண்டும் வேறுபடும். மலைநாட்டார் கீழ்த்தந்திகளை உயர்த்துவதால், அவற்றிற்கு மெல்லியவை ஏற்றவை. விரைவில் சுருதியில் நிலைக்கும் எஃகுத் தந்திகளைப் பலர் விரும்புவர். நம் நாட்டில் பாடுவோர் ஐந்து கட்டையில் பாடினால், கீழ்த்தந்திகள் மாறா. மேல்தந்திகள் இரண்டும் ஒரு முழுச்சுரம் தாழும். அதனினும் தாழ்ந்த சுருதியாயின் நான்கு தந்திகளும் தளர்ந்து நாதம் மெலியும். அப்போது சற்றுக் கனத்த தந்திகளே வலிமை தரும். கனத்த தந்தியை அளவின்றி உயர்த்துவதோ கருவிக்குத் தீங்காகும்.

தந்தி மாற்றுவோர் நான்கையும் ஒருங்கே கழற்றலாகாது. கழற்றினால் குதிரை சாயும். உள்ளே நிற்கும் சிறு மரத்தூணும் விழக்கூடும். ஒவ்வொன்றாக மாற்றி, பிரடையை மெல்லத் திருகி, குதிரை நிமிர்ந்து நிற்கின்றதா என நோக்குதல் வேண்டும்.

விலை மிகுந்த தந்தியே சிறந்த தந்தி என்று எண்ணுதல் தவறு. பாட்டு வேண்டும் சுருதிக்கும் கருவி தாங்கும் வலிமைக்கும் பொருந்துவதே சிறந்த தந்தியாம். அப்பொருத்தத்தைச் செவியால் உணர்ந்து தேர்பவன் கையில் பழைய பிடிலும் இனிது பாடும்.