பெட்டகமும் உறையுளும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் மனிதனைக் கடனாளியாக்கும் ஆற்றல் மிக்கது மூன்றாவதே ஆகும். உணவும் உடையும் ஒருவாறு மாத வருவாயில் அடங்கிவிடும். வீடோ, இனிமேல்தான் உழைக்கப்போகும் பல்லாண்டு உழைப்பை முன்கூட்டியே விழுங்கிவிடுகிறது. ஆகவே, குறைந்த செலவில், குறைந்த நாளில், தானே திட்டமிட்டுத் தனக்கொரு வீடு அமைத்துக்கொள்ள ஒருவனால் இயலுமா என்ற வினா உலகின் எல்லாப் பகுதிகளிலும் எழுந்தவண்ணமே உள்ளது. அவ்வினாவிற்குக் கிடைத்துள்ள விடைகளுள் விந்தையான ஒன்று, கப்பலில் சரக்கு ஏற்றிச் செல்லும் இரும்புப் பெட்டகத்தையே வீடாக மாற்றிக்கொள்வது. கண்டெய்னர் என்று நாம் அனைவரும் வழங்குவது இப்பெட்டகத்தையே.

இத்தகைய வீடுகளின் வண்ணப் படங்களைக் கண்டு, “ஆயத்த வீடு கிடைத்துவிட்டது, கதவும் சன்னலும் வைத்தால் போதும்” என்று மயங்குவோர் உளர். “தகரப் பெட்டிக்குள் மனிதன் வாழ்வதா?” என்று முகம் சுளிப்போரும் உளர். இரு சாராரும் பெட்டகத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்கவில்லை என்பதே என் கருத்து. இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவ்வமைப்பிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

பெட்டகம் பிறந்த கதை

அமெரிக்காவில் லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்திவந்தவர் மால்கம் மெக்லீன். மூட்டை மூட்டையாகச் சரக்கை இறக்கி, மீண்டும் கப்பலில் ஏற்றுவதில் வீணாகும் காலத்தையும் கூலியையும் எண்ணி, சரக்கோடு பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் துறைமுகத்திற்குப் புறப்பட்டது. பழைய முறையில் டன் ஒன்றுக்கு 5 டாலருக்கும் மேல் ஆகிய ஏற்றுகூலி, புதிய முறையில் ஏறத்தாழ 16 சென்ட்டாகக் குறைந்தது என்று கணக்கிட்டனர். 1968 முதல் பன்னாட்டுத் தர அமைப்பு பெட்டகங்களின் அளவுகளை வரையறுத்தது. அகலம் 8 அடி. நீளம் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடி. உயரம் 8½ அடி. இன்று 9½ அடி உயரப் பெட்டகங்களும் மிகுதியாக வழக்கில் உள்ளன.

ஏற்றுமதி மிகுந்த நாட்டிலிருந்து நிறைந்து செல்லும் பெட்டகம், இறக்குமதி மிகுந்த நாட்டிலிருந்து திரும்புகையில் பல வேளைகளில் வெறுமையாகவே வர நேர்கிறது. வெறும் பெட்டியைச் சுமந்து வருவதும் செலவே. இதனாலும், வயது முதிர்ந்து கடற்பணியிலிருந்து நீக்கப்படுவதாலும் பெட்டகங்கள் கரையில் குவிந்தன. அவற்றை வாழ்விடமாக்கும் முறைக்கு அமெரிக்கரான பிலிப் கிளார்க் 1987இல் காப்புரிமை கோரி, 1989இல் பெற்றார். அதற்கு முன்பே பெட்டகத்துள் குடியிருந்தோர் இருக்கக்கூடும். வறியவன் காப்புரிமைக்காகக் காத்திருப்பதில்லை!

மூலைகளில் இருக்கிறது வலிமை

பெட்டகத்தின் வலிமையெல்லாம் அதன் நான்கு மூலைத் தூண்களில் அடங்கியுள்ளது. கப்பலின் அடிப்பகுதியில் உள்ள பெட்டகம், தன்மேல் அடுக்கிய பெட்டகங்கள் அனைத்தின் எடையையும் இத்தூண்கள் வழியாகவே தாங்குகிறது. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தப்படி ஒவ்வொரு பெட்டகத்தின் கதவிலும் பாதுகாப்புத் தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதில் அடுக்குச் சுமையாக 1,92,000 கிலோ என்ற எண்ணைப் பரவலாகக் காணலாம். 192 டன்! ஒரு குடும்பமும் அதன் தட்டுமுட்டுச் சாமான்களும் இதன் முன் எம்மாத்திரம்?

ஆனால் சுவர்களின் நிலை வேறு. அவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடுகள். ஒரு தாளை விசிறி போல் மடித்தால் அது வளையாமல் விறைத்து நிற்பதைச் சிறுவயதில் அனைவரும் விளையாட்டாகச் செய்து பார்த்திருப்போம். அவ்வாறே தகட்டை அலை அலையாக மடித்து விறைப்பேற்றியுள்ளனர். இச்சுவர்களே பெட்டகம் பக்கவாட்டில் சாயாமலும், நீண்ட விளிம்புச் சட்டங்கள் தொய்யாமலும் பிடித்து நிறுத்துகின்றன. கூரைத் தகடோ, ஓரிருவர் ஏறி நடக்கும் அளவிற்கே செய்யப்பட்டது. சிலர் பெட்டகத்தை மண்ணில் புதைத்து நிலவறை ஆக்க முயல்கின்றனர். நான்கு மூலைகளில் சுமை தாங்கவே பிறந்த ஒன்று, மண்ணின் பக்க அழுத்தத்திற்கு உள்நோக்கி வளைந்துவிடுவதில் வியப்பில்லை.

வீட்டிற்கு வேண்டுவதோ சன்னல், வாயில், விசாலமான கூடம். பெட்டகத்தின் உள் அகலம் 7 அடி 8 அங்குலம். இருபுறமும் மூன்று அங்குலம் வெப்பத் தடுப்புப் பூச்சு கொடுத்தால் எஞ்சுவது 7 அடி 2 அங்குலம். கட்டிலைக் குறுக்கே இட்டால் கடந்து செல்ல வழியில்லை. நெடுக்கே இட்டால் அறை நடைபாதை போலாகிவிடும். எனவே, இரண்டு பெட்டகங்களை ஒட்டி வைத்து நடுச் சுவர்களை வெட்டி எறிவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. சிக்கல் பிறப்பதும் அங்கேதான். சுவரை வெட்டிய கணமே மேல்விளிம்புச் சட்டம் தாங்குவாரின்றித் தொய்கிறது. அதற்கு எஃகு உத்தரமும் இடைத்தூணும் கொடுக்க வேண்டும். பற்றவைப்போர் கூலியும் பொறியாளர் கணக்கும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. விலைக்கு வாங்கிய வலிமையை வெட்டி எறிந்துவிட்டு, மீண்டும் வலிமையை விலைக்கு வாங்குகிறோம்.

இதனைத் தெரிந்தே செய்தவர்களும் உண்டு. வட அயர்லாந்தில் மகேரா என்னும் ஊருக்கு அருகே, தம் குடும்பப் பண்ணையில் கட்டடக் கலைஞர் பேட்ரிக் பிராட்லி தமக்கென ஒரு வீட்டை வடிவமைத்தார். 45 அடி நீளமுள்ள நான்கு பெட்டகங்கள்; கீழே இரண்டு, அவற்றின் குறுக்கே மேலே இரண்டு. மேலடுக்கு தாங்குதலின்றி வெளியே நீண்டு நிற்கிறது. கீழடுக்கைத் துருநிறமுள்ள எஃகுத் தகட்டாலும், மேலடுக்கைக் கரும்பழுப்பு உலோக வலையாலும் போர்த்தி, சுற்றியுள்ள நிலத்தோடு இயைந்து தோன்றச் செய்தார். 2014இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இவ்வீடு காட்டப்பெற்றது. காண்பதற்கு எழிலானது, ஐயமில்லை. ஆயினும் ‘குறுக்கே வைப்பது’ என்ற ஒரு முடிவின் பொருளை நாம் உணர வேண்டும். மேற்பெட்டகத்தின் மூலைகள் கீழ்ப்பெட்டகத்தின் மூலைகள்மீது அமர்வதில்லை. அவ்வாறாயின் பெட்டகத்தின் இயல்பான வலிமை அங்கே பயன்படாது. வடிவமைப்பாளரின் எஃகுச் சட்டங்களே சுமையை ஏற்கவேண்டும். அது கலைஞன் தன் விருப்பத்திற்குச் செலுத்தும் விலை. கடனுக்கு அஞ்சிப் பெட்டகத்தை நாடுபவனுக்கு அவ்வழி ஏற்றதன்று.

வியர்க்கும் சுவர்

வெப்பக் கடத்தல் பாடத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். எஃகு, செங்கல்லைவிட அறுபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். இரண்டு மில்லிமீட்டர் தகடு வெப்பத்திற்கு ஒரு தடையே அன்று. கோடையில் உள்ளே அடுப்பு; குளிர்நாட்டின் இரவில் உள்ளே இருப்போரின் மூச்சிலுள்ள நீராவி தண்ணென்ற தகட்டில் பட்டுத் துளித்துளியாய் வழியும். சுவர் வியர்க்கிறது என்றே சொல்லலாம். அந்நீர் உட்பூச்சுக்குப் பின்னே தேங்கினால் துருவும் பூஞ்சணமும் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். எனவேதான் தகட்டிற்கும் தடுப்பிற்கும் இடையே காற்று புகாவண்ணம் பாலியூரிதேன் நுரையைத் தகட்டின்மீது நேரே பீய்ச்சிப் படியவைக்கின்றனர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தரும் வெப்பத்தடையை அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு கனமுள்ள இந்நுரையே தந்துவிடும் என்பது கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். ஆனால், பகலின் வெப்பத்தை வாங்கித் தன்னுள் நெடுநேரம் அடக்கிவைக்கும் செங்கல்லின் பொறுமை நுரைக்குக் கிடையாது. வெயில் நாட்டில் நுரையுடன் நின்றுவிடாமல், பெட்டகத்திற்கு மேலே இடைவெளி விட்டு மற்றொரு கூரை நிழல்தருமாறு அமைப்பதே அறிவுடைமை.

இடைவெளியே வீடு

இனி, பெட்டகத்தின் இயல்பறிந்து கட்டியவர்களைக் காண்போம். ஆம்ஸ்டர்டாம் நகரில் 2006இல் நிறைவுற்ற ‘கீட்வோனன்’ மாணவர் குடியிருப்பு நம் போன்றோர்க்குச் சுவையூட்டுவது. ஆயிரம் மாணவர்க்கு ஆளுக்கொரு பெட்டகம்! (நம் விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.) பக்கச் சுவர்களை வெட்டி அறைகளை இணைக்காமல், பெட்டகத்தின் முனைகளில் கண்ணாடியும் மாடமும் அமைத்து, மூலைமேல் மூலையாக அடுக்கினர். ஐந்தாண்டுக்கென வைத்தவை அக்காலத்தைக் கடந்தும் நின்றன. அவை சீனாவில் இதற்கெனவே செய்யப்பட்ட புதுப் பெட்டகங்கள் என்பதையும் கூறிவிட வேண்டும்; பழையதைப் பயன்படுத்தினோம் என்ற பெருமை அங்கில்லை.

இதனினும் நுட்பமான வழியை ஜப்பானில் காணலாம். 2011 மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் ஒனகாவா நகரம் அழிந்தது. வீடிழந்தோர்க்குத் தற்காலிக வீடு கட்டச் சமநிலம் போதவில்லை. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், 20 அடிப் பெட்டகங்களைச் சதுரங்கக் கட்டம் போல ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, மூன்று அடுக்கு வரை உயர்த்தி, 189 குடும்பங்களுக்கு இடமளித்தார். படுக்கையும் குளியலறையும் பெட்டகத்திற்குள். குடும்பம் கூடி அமரும் கூடமோ, இரு பெட்டகங்களுக்கு நடுவே விட்ட வெற்றிடத்தில், கண்ணாடி வழியே ஒளி புகுமாறு அமைந்தது.

கோஸ்டா ரிக்கா நாட்டின் தலைநகர் சான் ஓசேக்கு வெளியே, பெருங்கடன் சுமையின்றித் தம் நிலத்தில் தம் குதிரைகளோடு வாழ விரும்பிய ஓர் இணையர்க்குக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் கார்சியா சாக்சே 2011இல் அமைத்த வீடும் இவ்வகையினதே. இரண்டு 40 அடிப் பெட்டகங்களைச் சற்று விலக்கி வைத்து, நடுவே உயர்ந்த கூரை ஒன்றைப் போட்டார். சன்னலுக்காக வெட்டியெடுத்த தகடுகளே அக்கூரைக்குப் பயன்பட்டன. வெப்பக் காற்று அவ்வழியே மேலெழுந்து வெளியேறுகிறது. ஏறத்தாழ 1,000 சதுர அடி. செலவு 40,000 டாலர். அந்நாட்டில் ஏழைகளுக்கு அரசு கட்டித்தரும் வீட்டினும் செலவு குறைவு என்று அப்போது பேசப்பட்டது.

இவ்விரு வீடுகளிலும் பெட்டகம் அறையாக மட்டுமன்றிச் சுவராகவும் தூணாகவும் பணிபுரிகிறது. இடம் கிடைப்பது பெட்டகங்களுக்கு இடையில். அகலம் போதாது என்ற குறை, வெட்டாமலே தீர்ந்துவிடுகிறது. தானே வீடு வகுக்க எண்ணும் ஒருவன் படங்களில் கற்கவேண்டியது இந்த இடைவெளியைத்தான். அடுக்கின் விந்தையை அன்று.

செலவைப் பற்றி ஒரு சொல். பெட்டகம் தருவது வீட்டின் எலும்புக்கூட்டை மட்டுமே. அடித்தளம், பாரந்தூக்கி, தடுப்புப் பூச்சு, மின்கம்பி, குழாய், கதவு, சன்னல் ஆகிய யாவும் எந்த வீட்டிற்கும் ஆகும் செலவே. கொத்தனாரும் செங்கல்லும் எளிதில் கிடைக்கும் ஊரில் பெட்டகத்தால் மிச்சமாவது மிகச் சிறிது. பேரிடர்க்குப் பின் விரைந்து வீடு தரவும், பின்னர் பெயர்த்தெடுத்து வேறிடம் செல்லவும், ஆள் கிடைக்காத தொலைநிலத்தில் கட்டவும் அது இணையற்றது.

பழைய பெட்டகம் வாங்குவோர் பார்க்கவேண்டியவை சில உண்டு. தரைப் பலகை பூச்சிகொல்லி ஏற்றப்பட்டதாக இருக்கும். மரப்பூச்சி தன் மண்ணில் நுழையாதிருக்க ஆஸ்திரேலியா விதித்த கட்டுப்பாட்டால் வந்த வழக்கம் இது. குழந்தைகள் தவழும் வீடாயின் அப்பலகையைப் பெயர்த்துவிடுவதோ, காற்றுப் புகாமல் மூடிப் பூசுவதோ நலம். மூலை வார்ப்புகள் நசுங்காமலும், அடிச் சட்டங்கள் துருவேறி உதிராமலும் உள்ளனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். கூரையில் ஓட்டை உண்டா என்று அறிய ஏணி வேண்டாம். நண்பகலில் உள்ளே சென்று கதவை முழுதும் சாத்தச் சொன்னால் போதும். ஊசிமுனைத் துளையும் விண்மீன் போல் ஒளிரும். சாத்துபவர் மட்டும் நம்பத்தக்க நண்பராக இருத்தல் வேண்டும். பெட்டகக் கதவிற்கு உட்புறத்தில் தாழ்ப்பாள் கிடையாது.